தூங்கும் மடிக்கணினியை எழுப்புவோம்



உங்கள் வீட்டு பீரோவின் மேல் என்ன இருக்கிறது? எப்போதாவது நாற்காலி போட்டு ஏறிப் பார்த்ததுண்டா? பழைய பாய், கொலுப் பொம்மைப் பெட்டி, ஓடாத கடிகாரம். இவற்றோடு ஒரு மடிக்கணினியும் தூங்கிக் கொண்டிருக்கலாம். அண்ணனோ அக்காவோ பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்தது அது. அதைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேசப் போகிறேன். அதைக் காயலான் கடைக்கு அனுப்பாதீர்கள், தொலைக்காட்சிப் பெட்டியோடு இணையுங்கள் என்பது என் யோசனை. ஏன் அப்படிச் சொல்கிறேன்? அதற்கு என்ன மறுப்பு உண்டு? எல்லாவற்றையும் பார்ப்போம்.

சென்ற ஆண்டு எங்கள் தெருவில் நடந்த ஒன்றை முதலில் சொல்கிறேன். நான் குடியிருப்பது அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே, திருமுல்லைவாயிலில். ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு வாசலில் பழைய சாமான் வாங்குபவர் தராசோடு நின்றார். பழைய செய்தித்தாள், உடைந்த பிளாஸ்டிக் வாளி ஆகியவற்றோடு ஒரு மடிக்கணினியும் தரையில் கிடந்தது. அந்த வீட்டு மூத்த பெண் 2013-ல் பள்ளியில் பெற்றது. அவள் இப்போது வேலைக்குப் போகிறாள், புதிய கணினி வைத்திருக்கிறாள். "முந்நூறு ரூபாய் தருகிறேன்" என்றார் தராசுக்காரர். எட்டாம் வகுப்புப் படிக்கும் தம்பி மட்டும் அதை விட்டுவிட மனமில்லாமல் சுற்றிச் சுற்றி வந்தான். "சார், இது இனிமேல் எதற்காவது உதவுமா?" என்று என்னைக் கேட்டான்.

உதவும் என்றேன். ஆனால் கணினியைக் கையில் எடுத்ததும் எனக்குத் திக்கென்றது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டு இலவசங்களின் கதை

இந்தக் கணினிகள் எப்படி நம் வீடுகளுக்கு வந்தன? 2006 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டித் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த ஐந்து ஆண்டுகளில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குலப் பெட்டிகள் வீடு வீடாகச் சென்றன. பின்னர் ஆட்சி மாறியது. 2011-ஆம் ஆண்டு, அதே செப்டம்பர் 15 அன்று, இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. எங்கே தெரியுமா? நம் ஆவடிக்கு மேற்கே, திருவள்ளூரை அடுத்த காக்களூரில்தான். அடுத்த பத்தாண்டுகளுக்குள் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் மாணவர்களிடம் போய்ச் சேர்ந்தன. அவற்றில் விண்டோஸோடு, சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்தது.

ஒரு திட்டம் பார்ப்பதற்கு ஒரு கருவியைத் தந்தது. மற்றொன்று செய்வதற்கு ஒரு கருவியைத் தந்தது. பல வீடுகளில் இரண்டும் ஒரே கூரையின்கீழ் இருந்தன. ஆனால் ஒன்றோடொன்று பேசிக் கொள்ளவே இல்லை! இப்போது அவற்றைப் பேச வைக்கலாம் என்கிறேன்.

"படிக்கக் கொடுத்ததில் படம் பார்ப்பதா?"

எதிர்வீட்டுத் தந்தை கேட்ட முதல் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. நானும் சற்று யோசித்தேன்.

நண்பர்களே, நம் பக்கத்திலேயே இதற்கு ஒரு விடை இருக்கிறது. 1964-ல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகளுக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே பழைய கடைசல் இயந்திரத்தை, அதாவது லேத்தை, அவ்வளவு எளிதில் எடைக்குப் போட மாட்டார்கள். நுட்பமான வேலைக்கு உதவாமல் தேய்ந்துவிட்டால், அதைக் கரடுமுரடான வேலைக்கு மாற்றிவிடுவார்கள். நுட்ப வேலைக்குப் புதியது, முதல் கடைசலுக்குப் பழையது. கணினிக்கும் இதே நியாயம் பொருந்தும் அல்லவா? பன்னிரண்டு வயதான மடிக்கணினியால் இன்றைய பெரிய மென்பொருள்களைத் தூக்க முடியாது. ஆனால் ஒரு படத்தைத் திரையில் ஓட்டுவது அதற்கு இன்றும் முடிகிற வேலை.

முடிகிற வேலை என்றேன். சுலபமான வேலை என்று சொல்லவில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தால் நீங்களே வியப்பீர்கள்.

கம்பிக்குள் ஓடும் வெள்ளம்

இன்றைய சாதாரணத் தட்டைத் தொலைக்காட்சித் திரையில் அகலவாக்கில் 1920 புள்ளிகள், உயரவாக்கில் 1080 புள்ளிகள் உண்டு. பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க 24 பிட் தேவை. ஆகவே ஒரே ஒரு படத்துக்கு ஏறத்தாழ 5 கோடி பிட். அசைவது போலத் தோன்ற, நொடிக்கு 25 படங்கள் வேண்டும். அப்படியானால் நொடிக்கு 124 கோடி பிட்!

இவ்வளவையும் அப்படியே சேமித்தால் ஒரு முழுத் திரைப்படத்துக்கு ஏராளமான இடம் வேண்டும். ஆகவே விஞ்ஞானிகள் ஒரு தந்திரம் செய்தார்கள். செய்தி வாசிப்பவரைப் பாருங்கள். அவருடைய உதடு அசைகிறது, கண் இமைக்கிறது. பின்னால் உள்ள சுவர் அசைவதே இல்லை. அப்படியிருக்க, சுவரை நொடிக்கு 25 முறை ஏன் அனுப்ப வேண்டும்? ஒருமுறை அனுப்பிவிட்டு, பிறகு மாறியதை மட்டும் சொன்னால் போதாதா? சுருக்கும் முறையின் அடிப்படை இதுதான். இவ்வாறு சுருக்கினால் நொடிக்கு 50 லட்சம் பிட்டிலேயே நல்ல படம் கிடைத்துவிடும். அதாவது ஏறத்தாழ 250-ல் ஒரு பங்கு!

சுருக்கியதை யாராவது விரிக்க வேண்டுமே? அதுதான் கணினியின் வேலை. 2003-ல் வந்த எச்.264 என்னும் முறையை விரிப்பதற்கென்றே தனி மின்சுற்று 2011-ஐ ஒட்டிய மடிக்கணினிகளில் உண்டு. எனவே அவ்வகைப் படங்கள் தடங்கலின்றி ஓடும். 2013-ல் வந்த எச்.265 முறைக்கு அந்தக் கணினிகளில் தனிச் சுற்று இல்லை. மூளைச் சில்லே மூச்சுப் பிடித்துக் கணக்குப் போட வேண்டும். விசிறி இரைவதும், படம் திக்கித் திக்கி வருவதும் அதனால்தான். இணையத்தில் இன்று வரும் படங்கள் பலவும் இன்னும் புதிய முறைகளில் சுருக்கப்பட்டவை. இதற்கு மருந்து எளிது. படத்தின் அளவை 1080-லிருந்து 720-க்கோ 480-க்கோ குறையுங்கள். கணினி உடனே பெருமூச்சு விட்டு அமைதியாகிவிடும்.

இணைப்பது எப்படி?

கணினியின் ஓரத்தை உற்றுப் பாருங்கள். தட்டையான, இரு முனைகளும் குறுகிய ஒரு துளை இருந்தால் அது எச்.டி.எம்.ஐ. இதன் முதல் வரையறை 2002 டிசம்பரில் வெளிவந்தது. இதற்கான கம்பி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். படம், ஒலி இரண்டையும் ஒரே கம்பி சுமக்கும்.

நீல நிறத்தில், மூன்று வரிசையாகப் பதினைந்து துளைகள் கொண்ட செருகி இருந்தால் அது வி.ஜி.ஏ. 1987-ல் வந்தது. இதில் படம் மட்டும்தான் போகும். ஒலிக்குத் தனிக் கம்பி வேண்டும்.

பழைய 14 அங்குலப் பெட்டி மட்டும்தான் இருக்கிறதா? அதற்கும் மாற்றி உண்டு. ஆனால் அந்தப் பெட்டியில் கண்ணுக்குத் தெரியும் கோடுகள் 576 மட்டுமே. படம் பார்க்கலாம், எழுத்துகளைப் படிப்பது சிரமம். இதையும் தெரிந்துகொண்டு காசு செலவழியுங்கள்.

எதிர்வீட்டில் முதல் நாள் படம் வந்தது, ஒலி வரவில்லை! கம்பி கெட்டுவிட்டது என்று பையன் முகம் வாடிவிட்டான். கம்பியில் குற்றமில்லை. ஒலியை எந்த வழியாக அனுப்புவது என்று கணினியின் அமைப்பில் நாம்தான் சொல்ல வேண்டும். சொன்னோம், பேசியது. எதையும் கெட்டுவிட்டது என்று தீர்மானிக்கும் முன் ஒவ்வொரு படியாகச் சோதிக்க வேண்டும். அறிவியலின் முதல் பாடமும் அதுதானே?

மென்பொருளுக்கும் காசு வேண்டாம். வி.எல்.சி. என்ற படம் ஓட்டும் மென்பொருள் 1996-ல் பாரிஸ் மாநகர் அருகே கல்லூரி மாணவர்களின் திட்டமாகத் தொடங்கியது. கோடி என்ற மற்றொன்று ஆர்வலர்கள் கூடி வளர்த்தது. வீட்டிலுள்ள படம், பாட்டு, புகைப்படம் எல்லாவற்றையும் அது பெரிய எழுத்தில் வரிசையாகக் காட்டும். இரண்டும் இலவசம். இரண்டையும் யாரும் திருத்தலாம், பகிரலாம்.

ஒரு முக்கியச் செய்தி. விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-ஓடு நின்றன. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. ஆகவே பழைய கணினியில் எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை நிறுவுவது நல்லது. அதற்கு முன்பு, உள்ளே இருக்கும் புகைப்படங்களைக் கேட்டு எடுத்து வையுங்கள். அக்காவின் பள்ளி விடைபெறு விழாப் படம் வேறெங்கும் இல்லாமல் இருக்கலாம்! விண்டோஸ் 7-ஐ அப்படியே விட்டுவைத்தால், வீட்டாரின் வங்கிக் கணக்கை மட்டும் அதில் திறக்காதீர்கள்.

எனக்குத் திக்கென்றது ஏன்?

இப்போது அந்தக் காரணத்தைச் சொல்கிறேன். எதிர்வீட்டுக் கணினியின் பாட்டரி தன் இடத்தில் பொருந்தாமல் புடைத்திருந்தது. லித்தியம் பாட்டரி பழசானால் உள்ளே வேண்டாத வேதிவினை நடந்து வாயு உண்டாகும். உப்பிய பாட்டரியைக் குத்தினாலோ, அழுத்தினாலோ, மின்னேற்றினாலோ தீப்பற்றக்கூடும். ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். தராசுக்காரரின் மூட்டையில் அது இரும்புக்கடியில் நசுங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவருக்கு அந்த ஆபத்து தெரியவே தெரியாது. முந்நூறு ரூபாய் கொடுத்து அவர் நெருப்பை வாங்கிச் சென்றிருப்பார்.

ஆகவே முதல் விதி: இணைப்பதற்கு முன் பாட்டரியைப் பாருங்கள். உப்பியிருந்தால் நீங்கள் கை வைக்க வேண்டாம், பெரியவர்களை அழையுங்கள். கழற்றக்கூடிய பாட்டரி என்றால் கழற்றிவிட்டு, அடாப்டரின் மின்சாரத்திலேயே பெரும்பாலான பழைய கணினிகளை ஓட்டலாம். மின்சாரம் போனால் கணினி பட்டென்று அணைந்துவிடும், அவ்வளவுதான். கழற்றிய பாட்டரியைக் குப்பையில் போடாமல், அங்கீகாரம் பெற்ற மின்கழிவுச் சேகரிப்பாளரிடம் சேர்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது விதி: கணினிக்கு மூச்சு விட இடம் வேண்டும். மெத்தை மேலோ, மூடிய அலமாரிக்குள்ளோ வைக்காதீர்கள். லாரிகள் ஓடும் சாலைகளின் புழுதி நம் பகுதியில் கொஞ்சமா நஞ்சமா? அது விசிறித் துளைகளை அடைத்துவிடும். அணைத்துவிட்டு, மென்மையான தூரிகையால் அவ்வப்போது தட்டி விடுங்கள்.

மூன்றாவது விதி: மூன்று முனைச் செருகியின் பெரிய முனையை உடைத்து இரண்டு முனையாக்காதீர்கள். அது நில இணைப்புக்கானது. அது இல்லாவிட்டால் கணினியின் உலோகப் பகுதியைத் தொடும்போது ஜிவ்வென்று இழுக்கும்.

ஒரு நியாயமான மறுப்பு

"சில ஆயிரம் ரூபாய்க்குத் தொலைக்காட்சியின் பின்னால் செருகும் சிறு குச்சி ஒன்று கிடைக்கிறதே! இத்தனை தொல்லை எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தொடர்களையும் திரைப்படங்களையும் பார்ப்பது மட்டுமே நோக்கம் என்றால் அந்தக் குச்சியே மேல். அது சில வாட் மின்சாரத்தில் ஓடும். பழைய மடிக்கணினிக்கு 30 வாட் என்று வைத்துக்கொண்டால், நாளைக்கு மூன்று மணி நேரம் வீதம் அறுபது நாளில் 5.4 யூனிட் ஆகும். இரண்டு மாதக் கணக்கில் இது சிறிய தொகைதான். இருந்தாலும் செலவு செலவுதான். கட்டணச் சேவைகள் சில, கணினி உலாவியில் படத்தின் கூர்மையைக் குறைத்தே தருகின்றன என்பதும் உண்மை.

பின் ஏன் நான் மடிக்கணினியின் பக்கம் நிற்கிறேன்?

குச்சிக்குத் தட்டச்சுப் பலகை இல்லை. அது தருவதைப் பார்க்கலாம், அவ்வளவுதான். மடிக்கணினி கேள்வி கேட்பவனுக்கு இடம் கொடுக்கும். ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளை நிறுவினால், கோட்டூர்புரத்திலுள்ள பிர்லா கோளரங்கம் போல உங்கள் கூடத்திலேயே வானம் விரியும். ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. 2019-ல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களை நிறுத்தி, திருப்பி, மறுபடி பார்க்கலாம். 2020-ல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது ஒரே கைபேசிக்கு இரண்டு மூன்று பிள்ளைகள் போட்டியிட்ட வீடுகள் எத்தனை! அதே வீடுகளில் சிலவற்றில், பீரோவின் மேல் ஒரு மடிக்கணினி தூங்கிக் கொண்டிருந்தது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்கழிவு சேர்ந்தது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடுதான். ஒரு மடிக்கணினியால் சுற்றுச்சூழலுக்கு ஏற்படும் சுமையில் பெரும்பங்கு அதை உற்பத்தி செய்யும்போதே ஏற்பட்டுவிடுகிறது. அந்த விலையை உலகம் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. நாம் அதை இன்னும் ஐந்து ஆண்டுகள் பயன்படுத்தினால், கொடுத்த விலைக்குப் பலன் கூடும்.

பாட்டி பார்த்த வானம்

எதிர்வீட்டில் பிறகு என்ன நடந்தது? முதல் வாரம் முழுவதும் சினிமாதான் ஓடியது! தந்தை என்னைப் பார்த்து, "நான் அப்போதே சொன்னேனே, சார்" என்று சிரித்தார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இரண்டாவது வாரம் ஒரு மாலை பையன் ஓடி வந்து கூப்பிட்டான். போய்ப் பார்த்தேன். ஸ்டெல்லேரியத்தில் மார்கழி மாத இரவை வைத்திருந்தான். சோபாவில் பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தொழிற்பேட்டை விளக்குகளாலும் சாலை விளக்குகளாலும் நம் பகுதி வானத்தில் நட்சத்திரங்கள் மங்கிவிட்டன அல்லவா? பாட்டிக்கு அது பெரிய குறை.

"தம்பி, அதோ கொத்தாக இருக்கிறதே, அது கார்த்திகை. அதற்குக் கிழக்கே சிவப்பாக இருப்பது ரோகிணி. இன்னும் கீழே வா, அது திருவாதிரை" என்று பாட்டி விரல் நீட்டினார். பையன் ஒவ்வொன்றையும் சுட்டி, திரை காட்டும் பெயரைப் படித்தான்: பிளேயடிஸ், அல்டெபரான், பீட்டல்ஜூஸ். பாட்டி பள்ளிக்கூடமே போகாதவர். அன்று அவர்தான் ஆசிரியர். தந்தை ஒன்றும் பேசாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு சினிமா நின்றுவிட்டதா என்று கேட்காதீர்கள். நிற்கவில்லை. சனிக்கிழமை இரவில் இன்றும் ஓடுகிறது, ஓடட்டுமே! வீட்டார் அனைவரும் சேர்ந்து ஒரு நல்ல படம் பார்ப்பதில் தவறென்ன? எதைப் பார்ப்பது என்று அவர்களே தீர்மானிக்கிறார்கள். அதைத்தான் நான் விரும்பினேன்.

எனவே நண்பர்களே, இந்த விடுமுறையில் பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பீரோவின் மேல் பாருங்கள். தூசியைத் தட்டுங்கள். பாட்டரியைச் சோதியுங்கள். கம்பியைச் செருகுங்கள். முதல் முறை படம் வராவிட்டால் சோர்ந்து போகாதீர்கள். ஏன் வரவில்லை என்று தேடுங்கள். வந்துவிட்டால், முதலில் உங்கள் பாட்டியையோ தாத்தாவையோ அழைத்து உட்கார வையுங்கள். அவர்களுக்கு எந்த நட்சத்திரம் தெரியும் என்று கேளுங்கள்.